தாத்தாவின் அக்கியும் தம்பியின் அம்மையும்

மாணவர்களே, இந்த வாரப் பாடத்தை ஒரு வீட்டிலிருந்து தொடங்குவோம். வீடு பீடோங்கில் இருக்கிறது என்றும், அந்த வீட்டுப் பிள்ளை நீங்கள்தான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு 72 வயது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஒரு நாள் காலையில் "இடுப்பின் வலப்பக்கம் நெருப்பு வைத்தது போல எரிகிறது" என்கிறார். இரண்டு நாளில் அதே இடம் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் எழும்புகின்றன. பாட்டி பார்த்ததும் "இது அக்கி" என்று சொல்லிவிடுகிறார்.

இரண்டு வாரம் போகிறது. எந்நேரமும் தாத்தாவின் மடியில் கிடக்கும் இரண்டு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் வருகிறது. மறுநாள் முகம், மார்பு, முதுகு எல்லாம் கொப்புளம். "அம்மை போட்டிருக்கு" என்று பாட்டி வாசலில் வேப்பிலை செருகுகிறார். அந்த நேரம் பார்த்துக் கூலிமிலிருந்து சித்தி வந்திருக்கிறார். அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. விஷயம் தெரியாமல் நேற்று முழுவதும் தம்பியைத் தூக்கி வைத்திருந்தார்.

இப்போது மூன்று கேள்விகள் எழுகின்றன.

ஒன்று: தம்பி வெளியே எங்கும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அம்மை இல்லை. அவனுக்கு அம்மை எங்கிருந்து வந்தது?

இரண்டு: தாத்தாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. ஒரு முறை வந்தால் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகிவிடும், மறுபடி வராது என்றுதானே படித்தோம்? பிறகு எப்படி இந்த அக்கி?

மூன்று: சித்தியின் நிலை என்ன? வயிற்றுப் பிள்ளையின் நிலை என்ன?

இந்த மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. எதிர்ப்பொருளால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டால் போதும். படிவம் 4 உயிரியல் பாடத்தில் 'அந்திபோடி' என்று மலாயில் நீங்கள் படிப்பதைத்தான் இங்கே எதிர்ப்பொருள் என்கிறோம்.

பாம்பு சுற்றுகிறதா?

அக்கியை மலாய்க்காரர்கள் 'காயாப்' என்பார்கள். சீன நண்பர்களிடம் கேட்டால் 'பாம்பு' என்று சொல்வார்கள். கொப்புளம் இடுப்பை ஒரு பட்டை போலச் சுற்றி வருவதால் வந்த பெயர் அது. பாம்பின் தலையும் வாலும் சந்தித்துவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்ற பயம் நம் ஊரில் எல்லா இனத்தாரிடமும் இருக்கிறது.

அந்தப் பயத்துக்கு இடமில்லை. முதுகுத்தண்டிலிருந்து உணர்வு நரம்புகள் ஜோடி ஜோடியாகப் புறப்படுகின்றன, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு நரம்பும் தோலில் ஒரு பட்டை அளவு இடத்தைக் கவனித்துக்கொள்கிறது. அந்தப் பட்டை உடலின் நடுக்கோட்டில் முடிந்துவிடும். அக்கி வருவது பெரும்பாலும் ஒரே ஒரு நரம்பின் வழியாக. அதனால்தான் கொப்புளம் ஒரு பக்கமே வருகிறது, நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது. வலப்பக்கத்துப் பட்டை சுற்றி வந்து இடப்பக்கத்தோடு சேர்ந்து வளையமாவதில்லை.

ஆனால், 'பாம்பு' என்று பெயர் வைத்தவர்கள் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். இது தோல் முழுவதும் தாறுமாறாகப் பரவும் நோய் இல்லை. ஏதோ ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு வரும் நோய். அந்தப் பாதை நரம்பு.

மருத்துவர்கள் துப்பறிந்த கதை

அக்கிக்கும் அம்மைக்கும் உறவு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் யானோஷ் போக்காய், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்த சில வாரத்தில் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். இரண்டும் ஒரே கிருமியின் வேலையாக இருக்கலாம் என்று 1909இல் எழுதினார். நம் பீடோங் வீட்டில் நடந்ததும் அதே கதைதான்.

1950களில் அமெரிக்க அறிஞர் தாமஸ் வெல்லர் அக்கிக் கொப்புளத்திலிருந்தும் அம்மைக் கொப்புளத்திலிருந்தும் வைரஸை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். இரண்டும் ஒன்றே என்று காட்டினார். போலியோ வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததற்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர்.

அடுத்த கேள்வி: பெரியவருக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடியவர் பெரிய ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அல்ல. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் கிளினிக் நடத்திய எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற சாதாரண குடும்ப மருத்துவர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகள் ஒவ்வொருவரையும் 16 ஆண்டுகள் குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர். வெளியே அம்மை பரவும் காலத்துக்கும் அக்கி வருவதற்கும் தொடர்பு இல்லை, வயது ஏற ஏற அக்கி கூடுகிறது என்று அந்தக் குறிப்புகள் காட்டின. அப்படியானால் வைரஸ் வெளியிலிருந்து வரவில்லை. சிறு வயதில் வந்த அதே அம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் நரம்புக்குள் உறங்கியிருக்கிறது, உடலின் எதிர்ப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்போது விழித்துக்கொள்கிறது என்று 1965இல் எழுதினார்.

அவர் ஊகித்தது பின்னர் உறுதியானது. 1983இல் இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளில் இந்த வைரஸின் டிஎன்ஏ கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு, ஒரே நோயாளிக்கு முதலில் வந்த அம்மையிலும் பிறகு வந்த அக்கியிலும் இருந்த வைரஸின் டிஎன்ஏ ஒப்பிடப்பட்டது. இரண்டும் பொருந்தின.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தம்பிக்கு அம்மை தாத்தாவின் கொப்புள நீரிலிருந்து வந்தது. தாத்தாவின் நரம்பில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய வைரஸ், அவருடைய தோல் வழியாக வெளியே வந்து, இதுவரை அதைப் பார்த்தே அறியாத ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டது. முதல் முறை பிடித்தால் அது சின்னம்மை. உள்ளே உறங்கி மறுபடி எழுந்தால் அது அக்கி. ஆகவே அக்கிக்காரரிடமிருந்து அடுத்தவருக்கு அக்கி ஒட்டாது, அம்மைதான் ஒட்டும்.

எதிர்ப்பொருள் என்ன செய்கிறது?

இரண்டாம் கேள்விதான் கடினம். அதற்கு முன், தம்பியின் உடம்பில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வைரஸ் மூக்கு, தொண்டை வழியாக நுழைந்து, 10 முதல் 21 நாள் வரை சத்தமில்லாமல் பெருகும். பிறகு கொப்புளங்கள் வரும். அதற்குள் பி-அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் விழித்துக்கொண்டு எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். கவட்டைக் குச்சி போன்ற வடிவம். அதன் இரண்டு நுனிகளும் வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பூட்டும் சாவியும் போலப் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட வைரஸால் புதிய அணுவுக்குள் நுழைய முடியாது. விழுங்கும் வெள்ளை அணுக்கள் வந்து அதைத் தின்றுவிடும்.

முதலில் வருவது ஐஜிஎம் என்ற வகை. அதற்குப் பின்னால் ஐஜிஜி வரும். ஒரு ஐஜிஜி மூலக்கூறு நீண்ட நாள் இருப்பதில்லை, சுமார் மூன்று வாரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆனாலும் எலும்பு மஜ்ஜையில் தங்கும் சில அணுக்கள் பல ஆண்டுகள் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் தாத்தாவின் இரத்தத்தை இன்று சோதித்தாலும் அம்மை வைரஸுக்கு எதிரான ஐஜிஜி அதில் இருக்கும்.

இருந்தும் அக்கி வந்தது. ஏன்?

வீதிக் காவலும் வீட்டுக் காவலும்

தோட்டத்தின் பழைய அமைப்பை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மண் சாலை ஓரம் வரிசையாக லயத்து வீடுகள். இரவில் ஜாகா சாலையில் சுற்றி வருவார். சாலையில் திரியும் திருடனை அவர் பிடித்துவிடுவார். ஆனால் ஒரு வீட்டுக்குள் புகுந்து, விளக்கை அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பவனை அவரால் எப்படிப் பிடிக்க முடியும்?

எதிர்ப்பொருள் அந்த ஜாகா. இரத்தம், நிணநீர், அணுக்களுக்கு இடையே உள்ள திரவம் ஆகியவைதான் அதன் சாலை. எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு, அணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போய் அங்கே ஒளிந்த வைரஸைப் பிடிக்க முடியாது.

அம்மை வந்த நாட்களிலேயே வைரஸ் தோலில் இருக்கும் நரம்பு முனை வழியாக ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குப் போய்விடுகிறது. அங்கே நரம்பு அணுவின் உட்கருவுக்குள், தன் மேலுறையையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் வட்ட வடிவ டிஎன்ஏவாகக் கிடக்கிறது. அந்த நிலையில் அது புரதம் தயாரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. புரதம் இல்லையென்றால் எதிர்ப்பொருள் எதைப் பற்றும்? சாவி இருக்கிறது, பூட்டு இல்லை. இதைத்தான் உள்ளுறை நிலை என்கிறோம்.

அப்படியானால் வைரஸை அத்தனை ஆண்டுகள் எழும்பாமல் அடக்கி வைத்தவர் யார்? டி-அணுக்கள். இவையும் வெள்ளை அணுக்கள்தாம், வேலை செய்யும் முறைதான் வேறு. உடலின் அணுக்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தம் மேற்பரப்பில் எடுத்து வைத்துக் காட்டும். டி-அணு வீடு வீடாகப் போய் ஜன்னலில் என்ன வைத்திருக்கிறது என்று பார்க்கும். வைரஸ் லேசாக விழித்து ஒரு புரதத்தைச் செய்தாலும் அதன் துண்டு ஜன்னலுக்கு வந்துவிடும். உடனே டி-அணு வேலையைத் தொடங்கும். நரம்பு அணு செத்தால் மறுபடி முளைக்காது. அதனால் நரம்பு முடிச்சில் டி-அணுக்கள் பெரும்பாலும் அணுவைக் கொல்லாமல் வைரஸை மட்டும் அடக்குகின்றன.

இதற்கு ஆதாரம் என்ன?

அறிவியலில் உவமை போதாது, சான்று வேண்டும். மூன்று சான்றுகளைப் பாருங்கள்.

முதல் சான்று, எதிர்ப்பொருளே இல்லாத பிள்ளைகள். 1952இல் ஓக்டன் புருட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளைப் பாக்டீரியா நோய்கள் விடாமல் தாக்கும். ஆனால் சின்னம்மை வந்தால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே குணமாகிவிடுவார்கள். டி-அணு குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகளுக்கோ சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டாம் சான்று, முதியவர்கள். வயதாகும்போது இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவ்வளவாகக் குறைவதில்லை. குறைவது அதை அடையாளம் காணும் டி-அணுக்களின் வலிமை. அக்கி கூடுவதும் அதே வயதில்தான். எச்.ஐ.வி. தொற்று, உறுப்பு மாற்றுக்குப் பின் எடுக்கும் மருந்து, சில புற்றுநோய்ச் சிகிச்சைகள் ஆகியவற்றால் டி-அணுக்கள் குறைந்தவர்களுக்கு இளம் வயதிலேயே அக்கி வரலாம்.

மூன்றாம் சான்று, தடுப்பூசி. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில் வைரஸின் ஒரே ஒரு புரதமும், டி-அணுக்களை நன்றாகத் தட்டியெழுப்பும் ஒரு துணைப்பொருளும் இருக்கின்றன. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது 97 விழுக்காடு அளவுக்கு அக்கியைத் தடுத்தது.

இரண்டாம் கேள்விக்கு விடை இதுதான்: தாத்தாவிடம் ஜாகா இருந்தார், வீடு வீடாகப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

அப்படியானால் எதிர்ப்பொருள் வீணா?

இங்கேதான் பல மாணவர்கள் அவசரப்பட்டுவிடுகிறார்கள். "உறங்கும் வைரஸிடம் எதிர்ப்பொருளுக்கு வேலை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அது பாதி விடை.

1969இல் பிலிப் புருனெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். அக்கி வந்து தேறியவர்களின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வீட்டில் அம்மை வந்துவிட்டது, ஆனால் தமக்கு இன்னும் வரவில்லை என்ற நிலையில் இருந்த குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அம்மை வரவில்லை.

இதை நிறுத்தி யோசியுங்கள். அந்த எதிர்ப்பொருள் தன் சொந்தக்காரருக்கு அக்கி வராமல் தடுக்கவில்லை. அதே எதிர்ப்பொருள் வேறொரு குழந்தையை அம்மையிலிருந்து காப்பாற்றியது. பொருள் ஒன்றுதான், இடம்தான் வேறு. பெரியவரின் உடம்பில் வைரஸ் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது. குழந்தையின் உடம்பில் அது இன்னும் சாலையில் இருந்தது.

இப்போது சித்தியிடம் வருவோம். முதலில் கேட்க வேண்டியது: சித்திக்குச் சிறு வயதில் அம்மை வந்ததா? வந்திருந்தால், அல்லது தடுப்பூசி முழுமையாகப் போட்டிருந்தால், பயம் பெரும்பாலும் தேவையில்லை. அவருடைய ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்க்கொண்டிருக்கும். எதிர்ப்பொருள் வகைகளில் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது ஐஜிஜி மட்டுமே. நினைவில்லை என்றால் இரத்தச் சோதனை சொல்லிவிடும். நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் சிறு வயதில் அம்மை வராமல் வாலிபத்தில் வருவது குளிர்நாடுகளைவிட அதிகம். ஆகவே "சின்னப் பிள்ளையில் எல்லாருக்கும் வந்திருக்கும்" என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

சித்தியிடம் ஐஜிஜி இல்லையென்றால் மருத்துவர் கூடிய சீக்கிரம் எதிர்ப்பொருள் ஊசி போடலாம். சில நாட்களுக்குள் போட்டால்தான் பலன். கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் நுரையீரல் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு என்பதால் இதில் தாமதம் கூடாது.

இன்னொரு நிலையும் உண்டு. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரைக்குள் தாய்க்கு அம்மைக் கொப்புளம் தோன்றினால் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. ஏன் இந்தக் கணக்கு? தாயின் வைரஸ் குழந்தைக்குப் போய்விட்டது. தாயின் உடல் ஐஜிஜி தயாரித்து அனுப்புவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. சாலையில் திருடன் இருக்கிறான், ஜாகா இன்னும் வரவில்லை. அந்தக் குழந்தைக்குப் பிறந்தவுடன் எதிர்ப்பொருள் ஊசி போடுவார்கள். சில நாள் வித்தியாசத்தில் ஓர் உயிர் தொங்குகிறது என்றால், எதிர்ப்பொருளை வீண் என்று சொல்லலாமா?

ஈரலில் உறங்கும் இன்னொரு வைரஸ்

எல்லா வைரஸும் ஒரே மாதிரி உறங்குவதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஈரலைத் தாக்கும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் குணமாகிவிடுவார்கள். இரத்தத்தில் வைரஸ் இருக்காது, அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். ஆனால் ஈரல் அணுக்களின் உட்கருவில் வைரஸின் வட்ட டிஎன்ஏ பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும்.

இது எப்படித் தெரியும்? அப்படிக் குணமானவர் ஒருவரின் ஈரலை வேறொருவருக்குப் பொருத்தினால், பெற்றுக்கொண்டவருக்கு ஹெபடைடிஸ் பி வரலாம். ஈரலோடு உறங்கிய வைரஸும் போகிறது, அதைக் காத்த எதிர்ப்பு போகவில்லை. அதனால் மருத்துவர்கள் வைரஸ் மருந்தோ, எதிர்ப்பொருள் ஊசியோ, இரண்டுமோ கொடுத்து அதைத் தடுக்கிறார்கள்.

இன்னொரு சான்றும் உண்டு. நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சில மூட்டு நோய்களுக்கும் ரிடுக்சிமாப் என்ற மருந்து கொடுப்பார்கள். அது பி-அணுக்களை அழிக்கும். ஹெபடைடிஸ் பி வந்து தேறியவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது, பல ஆண்டுகள் உறங்கிய வைரஸ் சிலரிடம் விழித்து ஈரலைக் கடுமையாகத் தாக்கியது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கையை வலுப்படுத்தியது. இன்று இந்த மருந்தைத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை செய்வது கட்டாயம்.

அம்மை வைரஸைப் பொறுத்தவரை முதன்மைக் காவல் டி-அணு. ஹெபடைடிஸ் பி வைரஸிடம் டி-அணுவோடு பி-அணுவும் எதிர்ப்பொருளும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஈரலில் ஓர் அணுவிலிருந்து கசியும் வைரஸ் இரத்தத்தின் வழியே அடுத்த அணுவுக்குப் போகும் முன்பே எதிர்ப்பொருள் அதைப் பிடித்துவிடுகிறது. பொறி ஒன்று பறந்தாலும் அடுத்த கூரை பற்றாமல் பார்த்துக்கொள்கிறது.

மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. உங்களுக்கும் பிறந்தவுடன் முதல் ஊசி போட்டிருப்பார்கள். அத்தனை அவசரம் எதற்கு? பிறக்கும்போது இந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிலையாகத் தங்கிவிடும். பிற்காலத்தில் ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் வரக்கூடும். வைரஸ் வீட்டுக்குள் புகுந்த பிறகு விரட்டுவது கடினம். சாலையிலேயே பிடிக்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்குத் தடுப்பூசியோடு எதிர்ப்பொருள் ஊசியும் 12 மணி நேரத்துக்குள் போடுவது அதற்காகத்தான்.

தேர்வுக்கு: நான்கு வகை எதிர்ப்புச் சக்தி

எஸ்.பி.எம். தேர்வில் கேட்கும் நான்கு வகைகளும் இந்தப் பாடத்திலேயே இருக்கின்றன.

• தம்பி அம்மை வந்து தேறிப் பெறுவது: இயற்கையான செயல்முனை எதிர்ப்பு.
• நீங்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியால் பெற்றது: செயற்கையான செயல்முனை எதிர்ப்பு.
• தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது: இயற்கையான மந்த எதிர்ப்பு.
• சித்திக்குப் போடக்கூடிய எதிர்ப்பொருள் ஊசி: செயற்கையான மந்த எதிர்ப்பு.

செயல்முனை எதிர்ப்பில் உடலே எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. வர நாளாகும், நீண்ட காலம் இருக்கும். மந்த எதிர்ப்பில் தயாரான எதிர்ப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. உடனே வேலை செய்யும், சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

வீட்டில் என்ன செய்வது?

அக்கி என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். அசைக்குளோவிர் போன்ற மருந்துகள் பெருகும் வைரஸைத்தான் தடுக்கும், அதனால் சீக்கிரம் தொடங்கினால்தான் நல்ல பலன். தாமதித்தால் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி பல மாதம் நீடிக்கக்கூடும். கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே போக வேண்டும், பார்வை பாதிக்கப்படலாம். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. பாட்டியின் மனம் நோக வேண்டாம், ஆனால் அதற்காக அந்த மூன்று நாளை இழந்துவிடாதீர்கள். கொப்புளத்தைத் துணியால் மூடி வைத்தால் மற்றவர்களுக்கு ஒட்டும் வாய்ப்பு குறையும்.

அம்மை கண்ட பிள்ளையைத் தனி அறையில் வைப்பது நம் முன்னோர் செய்த நல்ல காரியம். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். வாசலில் வேப்பிலை இருப்பதும் "இங்கே அம்மை, உள்ளே வராதீர்கள்" என்ற அறிவிப்புதான். சித்தி வருவதற்கு முன்பே செருகியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்! மாரியம்மனைக் கும்பிடுவதற்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் சண்டை இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்காதீர்கள். அம்மை நேரத்தில் அது மூளையையும் ஈரலையும் பாதிக்கும் அரிய நோயை உண்டாக்கலாம். சின்னம்மைத் தடுப்பூசி தனியார் கிளினிக்குகளில் கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அதைப் போடமாட்டார்கள், ஆகவே அதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

இன்று வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, சித்தி என்று ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு அம்மை வந்திருக்கிறதா? எந்த வயதில்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹோப்-சிம்ப்சனும் அப்படித்தான் தொடங்கினார். ஒரு நாள் அந்தத் தாள் உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படலாம்.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

1. அக்கி வந்த தாத்தாவைப் பார்க்க வந்த இன்னொரு தாத்தாவுக்கும் அதே மாதம் அக்கி வந்தது. முதலாமவரிடமிருந்து ஒட்டியதா?

2. ஒருவரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள் இருக்கிறது, வைரஸின் மேலுறைப் புரதம் இல்லை. அவருக்கு நோய் வந்து தேறியிருக்கலாம். இந்த முடிவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அது என்ன?

3. உறங்கும் அம்மை வைரஸை எதிர்ப்பொருளால் ஏன் பிடிக்க முடியவில்லை? இரண்டு காரணம் எழுதுக.

விடைகள்: 1. இல்லை. அவருக்குள் உறங்கிய வைரஸே விழித்தது. இருவருக்கும் ஒரே மாதத்தில் வந்தது தற்செயல். 2. தடுப்பூசி போட்டிருக்கலாம். தடுப்பூசியும் மேலுறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளையே உண்டாக்கும். 3. வைரஸ் நரம்பு அணுவுக்குள் இருக்கிறது, எதிர்ப்பொருள் அங்கே போய் அதைப் பிடிக்க முடியாது. உறங்கும் வைரஸ் புரதம் தயாரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுவதால் பற்றிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை.